கும்பிடாத நாள்

உற்றார் உறவினருக்கு முதலில் வணக்கம் சொல்வதுதான் முறை. இன்று சொல்ல மாட்டேன். அண்ணன் வைத்துவிட்டுப் போன வழக்கம் அது.

திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, கைப்பிள்ளையாகத் தாராவிக்கு வந்தவர் அண்ணன். அப்பா சீக்கிரமே போய்விட, தோல் பட்டறையில் சேர்ந்து, பிறகு சொந்தப் பட்டறை போட்டு, என்னையும் கட்டிக்கொடுத்தார். கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். வட்டாரத்தில் அடிதடி என்றால் அதில் அவர் இருப்பார்.

மாஹிமிலிருந்து பட்டறைக்குத் தோல் பை வாங்க வரும் யூதர் சாலமன் மாமா, வருஷத்தில் ஒரு நாள் மட்டும் துணிச்செருப்போடு வருவார். தரையில் உட்காருவார். தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். வணக்கம் சொன்னால் பதில் வராது.

"என்ன மாமா, வாயில கொழுக்கட்டையா?" என்று அண்ணன் ஒருமுறை சீறினார்.

"அந்தக் காலத்துல எங்க கோயில் இடிஞ்ச நாள். இன்னைக்குத் தோல் போட மாட்டோம், யாருக்கும் சலாம் சொல்ல மாட்டோம்" என்றார் மாமா.

பிறகு புதுக் கட்டடம் கட்ட வந்த பில்டர் ஆட்கள் எங்கள் வரிசை வீடுகளையே இடித்தார்கள். தாராவிக்குள்ளேயே வீடு என்று சத்தியம் செய்தவர்கள், ஊருக்கு வெளியே போகச் சொன்னார்கள். அண்ணன் கத்தியைத் தூக்குவார் என்று பயந்தேன். மாமாவிடம்தான் போனார்.

"உங்கள மாதிரி நாங்களும் உக்காரலாமா?"

"அரே, இடிஞ்ச வீட்டுக்கு அழ யார்கிட்ட பர்மிஷன் வேணும்?"

அதன்பின் வருஷாவருஷம், இடித்த நாளில் பட்டினி கிடந்தோம். தோல் தைத்தே பிழைக்கிற ஜனம், இடிபாட்டின் மேல் வெறுங்காலோடு உட்கார்ந்தது. மாமாவும் கூடவே உட்கார்ந்தார். எந்தத் தலைவர் வந்து கும்பிட்டாலும் நாங்கள் கையெடுக்கவில்லை.

போன வருஷம் அதுவே வினையானது. பில்டருக்கு வேண்டிய உள்ளூர்த் தலைவர் ஆட்களோடு வந்து கும்பிட்டார். அண்ணன் தரையைப் பார்த்தார்.

"க்யா ரே, நான் கும்பிடுறேன், உனக்குத் திமிரா?"

இரும்புக்கம்பிகள் இறங்கின. மாமாவின் கை முறிந்தது. பெண்கள் வெறுங்காலில் கண்ணாடிச் சில்லு ஏற அலறி ஓடினார்கள். அண்ணனுக்கு மண்டை பிளந்து, இரத்தம் கண்ணை மூடியது. அவர் எழுந்திருக்கவே இல்லை.

"எந்திரிண்ணே! திருப்பி அடிண்ணே!" என்று கத்தினேன். பாவி மனுஷன், கையை ஓங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாக, "வீடு தாரேன்னானா?" என்று கேட்டார்.

சவம் எடுக்கும் முன் அந்தத் தலைவர் மாலையோடு வந்து அம்மாவைக் கும்பிட்டார். அம்மா தரையைப் பார்த்தார். தெருவே தரையைப் பார்த்தது. மாலையை அவரே திரும்பக் கொண்டுபோனார்.

சுனாபட்டியிலிருந்து ஓடிவந்து இரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட வடாலா அத்தைக்கும், கட்டுப்போட்ட கையோடு அண்ணனைச் சுமந்த சாலமன் மாமாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது.

இன்று அதே இடித்த நாள்; எல்லாரும் இடிபாட்டுக்கு வாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். அந்தத் தலைவரும் வருவார், கும்பிடுவார். கையெடுக்காதீர்கள்.

அடி விழுந்தாலும் எழுந்திருக்காதீர்கள் என்று அண்ணன் சொல்லியிருப்பார். அதை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.