பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு குரல்

“…திறக்காத வரைக்கும்தான்க்கா இதுக்கு வேல்யூ. ஓப்பன் பண்ணிட்டா இது ஒரு பழைய தட்டு, அவ்ளோதான்” என்று சொல்லிக்கொண்டே கார்த்திக் அந்த எல்பி இசைத்தட்டை என் முகத்துக்கு நேரே பிடித்தார். கையில் வெள்ளைப் பருத்திக் கையுறை. எனக்கு வந்த கோபத்தில், ஜெர்மனியின் ஹம் நகரத்திலிருந்து கார்ல்ஸ்ரூஹே வரை மடியில் வைத்துக் கொண்டுவந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிடலாமா என்றிருந்தது. வந்த வழியைச் சொல்கிறேன். என் கோபத்தில் நியாயம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்கு ஹம் நிலையத்தில் ஏறினேன். என்னிடம் இருந்தது அறுபத்து மூன்று யூரோ மாதச் சீட்டு. அதற்கு வட்டார ரயில்கள் மட்டும்தான். கொலோன், கோப்லென்ஸ், மைன்ஸ், மன்ஹைம் என்று மாறி மாறி ஏழரை மணித்தியாலம். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவளுக்கு நிற்பதும் காத்திருப்பதும் புதிதல்ல. பெட்டிதான் பாரம். அதற்குள் பற்றரியில் ஓடும் ரெக்கோர்ட் பிளேயர் ஒன்றும், என்னுடைய ஒரேயொரு ஸைடெக்கோ இசைத்தட்டும்.

ஸைடெக்கோ என்பது லூசியானாவில் இருக்கும் கறுப்பினக் கிரியோல் மக்களின் ஆட்டப் பாட்டு. ஒருவர் அக்கோடியனை இழுப்பார். இன்னொருவர் நெளிநெளியான தகரத்தைச் சட்டை மாதிரி நெஞ்சில் மாட்டிக்கொண்டு கரண்டியால் தேய்ப்பார். பிரெஞ்சு மாதிரி ஒரு மொழி; எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் இருந்த இடத்தில் இருக்க விடாது. என்னோடு வேலை செய்யும் போலந்துக்காரி “இந்தப் பாட்டுக்கு முழங்கால் நோவைப் பற்றி ஒன்றும் தெரியாது” என்பாள்.

அந்தத் தட்டைப் பழஞ்சாமான் சந்தையில் ஒரு யூரோவுக்கு எடுத்தேன். கடைசிப் பாட்டில் ஓர் ஆண் கெஞ்சிக் கெஞ்சிப் பாடுவான். முடிவில் ஒரு பெண் பதில் சொல்லத் தொடங்குவாள். நாலைந்து சொல் வரும். அந்த இடத்தில் ஒரு கீறல். ஊசி பின்னால் பாய்ந்து, அவள் மறுபடி தொடங்குவாள். ஐந்து வருடமாக அவள் தொடங்கிக்கொண்டே இருக்கிறாள். என் மகள் இணையம் முழுக்கத் தேடிவிட்டு, “அம்மா, இது ஒரு இடத்திலயும் இல்லை. சின்னக் கொம்பனி, எப்பவோ மூடிட்டினம்” என்றாள். அப்போதுதான் சேகரிப்பவர்களின் குழுவொன்றில் கார்த்திக் அதே எல்பியின் படத்தைப் போட்டார். தொலைபேசியில், “கண்டிப்பா வாங்கக்கா, நம்மாளு ஒருத்தர் ஸைடெக்கோ கேக்கறாங்கன்னா எவ்ளோ சந்தோஷம்” என்றார். பாட்டைப் போடுவீர்களா என்று நான் கேட்கவில்லை. சோறு ஆக்குகிற வீட்டில் சாப்பிடுவீர்களா என்று யாராவது கேட்பார்களா?

கோப்லென்ஸ் தாண்டி ரைன் நதி பக்கத்திலேயே வந்தது. சைக்கிளோடு எதிரே இருந்த ஜெர்மன்காரர் என் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒருவர் பெட்டியை இப்படிக் கட்டிப்பிடித்தால் உள்ளே கேக் இருக்கும், அல்லது பூனை இருக்கும் என்பாள் என் மனைவி” என்றார். பாட்டு என்றேன். “ஒரு பாட்டின் கடைசியைக் கேட்கவா இவ்வளவு தூரம்?” என்று கேட்டுவிட்டுச் சற்று யோசித்தார். “நான் இதைவிடச் சின்ன விஷயத்துக்குப் போயிருக்கிறேன்.” அவரோடு மைன்ஸ் வரை பேசியதில் வழி குறைந்துபோனது.

பிற்பகல் ஒன்றே முக்காலுக்குக் கார்ல்ஸ்ரூஹே. டிராமில் பத்து நிமிடம். கார்த்திக்கின் மனைவி திவ்யா கதவைத் திறந்தார். எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும் மணத்தன. விருந்தோம்பலில் ஒரு குறையும் சொல்ல ஏலாது. குறையெல்லாம் அடுத்த அறையில்தான்.

திரை இழுத்த அறை. ஈரப்பதம் காட்டும் கருவி. சுவர் முழுக்க எல்பிகள், ஒவ்வொன்றும் பிளாஸ்டிக்கில். முன்பு இந்த ஊரில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் விட்டுப்போனவையாம் பல. ஊர் ஏக்கத்தில் கேட்டு ஆடத்தான் வாங்கியிருப்பார்கள்; பிரிக்குமுன்னே ஊர் திரும்ப வேண்டி வந்திருக்கும். அவர்களுடைய தட்டுகளுக்கு இங்கே தீவிர சிகிச்சைப் பிரிவு.

“பிளேயர் எங்க தம்பி?”

“பிளேயர் இல்லக்கா. நான் சீல்டு காப்பிதான் கலெக்ட் பண்றேன்.”

“அப்ப பாட்டு?”

“நெட்ல ரெண்டு மூணு கிளிப் பார்த்திருக்கேன்.”

“நானே அதைத் தொடக்கூடாதுக்கா” என்றார் திவ்யா. “தூசி தட்டறதுகூட சார்தான். கல்யாண ஆல்பத்துக்கு இந்த மரியாதை இல்ல.”

அப்போதுதான் அவர் கையுறையோடு அந்த எல்பியை எடுத்துவந்து வேல்யூ கதை சொன்னது. வேண்டுமானால் பக்கத்தில் நிற்கலாம், போட்டோ எடுத்துத் தருவாராம்.

“தம்பி, எங்கட இல்லத்தில கட்டிலை விட்டு எழும்ப ஏலாதவைக்கும் நாங்கள் ஜன்னல் திறந்து விடுறனாங்கள். ஆடிப்பாடின சனத்தை நீங்கள் பொலித்தீன் பையில கட்டி வைச்சிருக்கிறியள். ஏழரை மணித்தியாலம் நான் படம் பிடிக்க வரேல்லை.”

அவர் சிரித்துச் சமாளித்தார். “அக்கா, இது ஒரு இன்வெஸ்ட்மென்ட் மாதிரி…”

மேலே கேட்க எனக்குப் பொறுமை இல்லை. சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கி, பிளேயரை வைத்து, என் இசைத்தட்டைப் போட்டேன். ஹம்மில் என் வீட்டில் பக்கத்துவீட்டுப் பிள்ளைகள் சோபாவில் ஏறி ஆடி, ஊசியைத் தட்டிவிட்டுக் கேட்கிற தட்டு அது. தகரம் சரசரவென்று தேய்ந்ததும் திவ்யாவின் தோள் தானாக ஆடியது. கார்த்திக் முதலில் நின்றார். பிறகு நாற்காலியை இழுத்து இருந்தார்.

கடைசிப் பாட்டு வந்தது. ஆண் கெஞ்சினான். அக்கோடியன் அடங்கிப்போனது. பெண் தொடங்கினாள்.

டக். மறுபடி தொடங்கினாள். டக்.

வழக்கமாக நான் இந்த இடத்தில் ஊசியைத் தூக்கிவிடுவேன். இன்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

“அக்கா, அது ஸ்டக் ஆயிடுச்சு” என்றார் கார்த்திக்.

“ஓம்.”

டக்.

“எடுங்கக்கா, ப்ளீஸ். என்னமோ பண்ணுது.”

“எனக்கு ஐஞ்சு வருசமாப் பண்ணுது.”

டக். “அவங்க என்னதான் சொல்ல வர்றாங்க?”

“அதை என்னட்டைக் கேட்டால்? எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். மிச்சம் உங்கட கையிலதானே இருக்கு.”

“அந்தம்மாவப் பேச விடுங்களேன், கார்த்திக்” என்றார் திவ்யா.

கார்த்திக் எழும்பி அறைக்குள் போனார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். பிளேயரில் அவள் இன்னும் நாலைந்து தரம் தொடங்கினாள். திரும்பி வந்தவர் கையில் அந்த எல்பி இருந்தது. என்னைப் பார்க்கவில்லை, திவ்யாவையும் பார்க்கவில்லை. எலுமிச்சை வெட்டிய கத்தியை எடுத்து, தன் சட்டையிலேயே துடைத்து, பிளாஸ்டிக்கின் ஓரத்தில் மெல்ல ஒரு கீறு கீறினார்.