கீழே கொட்டிய ரத்தமும் ஆத்தா காட்டிய ரத்தமும்

மாரியாத்தாளை நம்பும் சொந்தங்களுக்குக் கீழ் கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். நோயைவிட நம்பிக்கைத் துரோகம்தான் என்னைச் சாய்த்தது.

இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவள் நான். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை. குறைந்தால் வால்வு அடைக்கும், கூடினால் ரத்தம் கசியும். அவ்வப்போது ரத்தம் பார்த்துத்தான் அளவு சொல்வார்கள். பச்சைத் தேயிலை விலை விழுந்த காலம் அது. கோயமுத்தூர் போய்வர வழியில்லை. மருந்துக்கடை வைத்திருந்த என் கொழுந்தனார், "ஏனுங்க அண்ணி, நானிருக்கறப்ப எதுக்குங்க அலையறீங்க? ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பலாம். ரத்தம் எவ்வளவு நீர்த்திருக்குன்னு ஒரு நம்பர் வரும். அதை இந்த மாத்திரைக்குன்னே போன்ல இருக்கற கால்குலேட்டர்ல போட்டா அளவு சொல்லீரும்" என்றார். கூடப் பிறந்தவனைப்போல நம்பிக் கையை நீட்டினேன். ஒவ்வொரு முறையும் ரத்தம் எடுத்தார், மாத்திரையைக் கூட்டினார்.

தேயிலையைப் பிடுங்கிவிட்டு முட்டைக்கோஸ் போட்டிருந்தோம். விற்காத கோஸ்தான் தினமும் பொரியல். மாரியம்மன் நோன்பு வந்தது. காப்புக் கட்டி, பாலும் பழமுமாக விரதமிருந்தேன். பல் ஈறில் ரத்தம். கையெல்லாம் கருநீலத் திட்டு. "விரதத்துல ஏதோ குத்தமாயிருச்சுங்க" என்று கோயிலில் பெண்கள் ஒதுங்கினார்கள். கொழுந்தனாரோ லேப் நம்பர்படிதான் மாத்திரை தருகிறேன் என்று சாதித்தார். அழுதுகொண்டே ஆத்தாளிடம் சண்டை போட்டேன்.

"உனக்குத்தான விரதமிருக்கறேன், நீயுமா ஆத்தா? என்ன ஏதுன்னு காட்டித் தொலை!"

மறுநாள் பூவோடு, அதாவது தீச்சட்டி, எடுக்க வரிசையில் நின்றபோது மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. நிற்கவேயில்லை. வீட்டுக்காரர் ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், கொழுந்தனாரும் வந்தார். டாக்டரம்மா ரத்தம் பார்த்துத் திகைத்துப்போய், மாத்திரையை நிறுத்தி ஊசி போட்டார். "கடைசியா எப்பம்மா டெஸ்ட் பண்ணுனீங்க?"

கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டார். "ரத்தம் வாங்கிட்டுப் போற லேப் வண்டி மலையேறறதை நிறுத்தீட்டாங்க. சொல்ல வெக்கமா இருந்துச்சுங்க அண்ணி. பழைய நம்பரையே போட்டுட்டிருந்தேன்."

"அப்ப எடுத்த ரத்தம்?"

"கொட்டீட்டேனுங்க."

என் ரத்தம்! பாவி, எப்படி மனது வந்தது?

கோஸ் இந்த மாத்திரையின் வேகத்தைக் குறைக்குமாம். அதைத் தின்ற நாளில் குறைவாக இருந்த பழைய நம்பர் அது. அதையே திரும்பத் திரும்பப் போட்டதால் கால்குலேட்டரும் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. விரதத்தில் கோஸும் நின்றதும் ரத்தம் எல்லை மீறி நீர்த்துவிட்டது. டாக்டரம்மாவும் கால்குலேட்டர்தான் பார்க்கிறார். ஆனால் அன்றைக்கு எடுத்த ரத்தத்தின் நம்பரைப் போட்டு, என்ன சாப்பிட்டேன் என்று கேட்டு, யோசித்த பிறகே அளவு எழுதுகிறார். இப்போதெல்லாம் விரதமென்றால் முதலில் அவரிடம் கேட்கிறேன்.

ரத்தம் தலைக்குள் கசிந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? கேட்டபடியே ஊர் பார்க்கக் காட்டினாள் என் தாய். கொழுந்தனாரை மன்னிக்கும் மனதையும் கேட்டிருக்கிறேன். அதை இன்னும் தரவில்லை. தரும்வரை விடமாட்டேன். நீங்களும் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள்.