யாருக்கும் வேண்டாத மோடம்

கிணற்று மோட்டாரைச் செல்போனிலேயே ஓட்ட உதவும் பெட்டிகளுக்கு, திண்டுக்கல்லில் வீட்டிலிருந்தபடி நிரல் எழுதுகிறேன். பெட்டிக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், சிம் போட ஒரு மோடம். கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை நிரலுக்குக் கெர்னல் என்று பெயர்; அது மோடத்தோடு பேசுவதற்கான நிரல்தான் டிரைவர். பழைய மோடத்தின் டிரைவர் எல்லாப் பெட்டிகளிலும் தண்டத்துக்கு இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. வேண்டுபவர்கள் மட்டும் சேர்த்துக்கொள்ளட்டும் என்று மாற்றினேன். யாரும் கேட்காவிட்டால் அது இருக்காது.

மாற்றுமுன் அலுவலகக் குழுவில், "இந்தப் பழைய மோடம் யாரிடமாவது இருக்கிறதா?" என்று கேட்டேன். இரண்டு நாள் பதிலில்லை. ஒருவர் மட்டும் கட்டைவிரல் படம் போட்டார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சேவுகம்பட்டியில் என் அக்கா, பெரியப்பா மகள், தனியாளாக விவசாயம் பார்க்கிறாள். நாங்கள் முதன்முதலில் செய்த சோதனைப் பெட்டியை அக்காவின் தோட்டத்தில் நானே மாட்டியிருந்தேன். உள்ளே அந்தப் பழைய மோடம்தான். நம்ம வீட்டுப் பெட்டிதானே என்று அலுவலகப் பட்டியலில் ஏற்றவில்லை. என் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஆள் நான்தான்.

அந்த டிரைவர் இல்லாத புதிய கெர்னல் தானாகவே அந்தப் பெட்டியிலும் போய் இறங்கியது. அதே வாரம் அக்காவின் மகளுக்குப் பிரசவ வலி முன்கூட்டியே வந்துவிட, தக்காளி நாற்று நட்ட ஆறாம் நாளே அக்கா கோயம்புத்தூருக்கு ஓடினாள். அங்கிருந்து தினமும் போனை அமுக்கினாள். போனும் 'அனுப்பியாயிற்று' என்றே காட்டியது. ஐந்து நாள் கழித்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்லித்தான் மோட்டார் ஓடவேயில்லை என்பது தெரிந்தது.

நான் போய்ப் பார்த்தபோது அவ்வளவு நாற்றும் கருகிக் கிடந்தது. டிரைவரைச் சேர்த்து மறுபடி ஏற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"எம்மேலதான் தப்பு அப்பு. வெவரம் பத்தாம எதையோ மாத்தி அமுக்கிட்டேன் போல," என்றாள், சேதி கேட்டுக் கோயம்புத்தூரிலிருந்து ஓடி வந்திருந்த அக்கா.

"இல்லக்கா, நெட்வொர்க் கோளாறு," என்றேன். வெட்கங்கெட்ட பொய்.

மோட்டார் ஓடியது. அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மாசம் ஒங்கூட இருக்கேன்னு சொன்னேன்ல, ஏலாது தாயி. இனிமே பெட்டிய நம்பி விட்டுட்டு வரப் பயமாருக்கு. பிள்ளையக் குளிப்பாட்ட வேற ஆளப் பாத்துக்க."

பக்கத்தில்தான் நின்றேன். போனை வாங்கி, தப்பு என்னுடையது என்று இரண்டு பேரிடமும் சொல்லியிருக்கலாம். லேப்டாப்பைப் பையில் வைத்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா, வாரேன்," என்று கிளம்பிவிட்டேன்.