மேயர் கேட்ட பாட்டு

என் பெரியப்பாவை எதிர்த்து வென்றவர் என்று எனக்குத் தெரிந்து ஒரேயொரு ஆள்தான். அவர் ஒரு டேனிஷ் மேயர். தான் யாரையோ எதிர்க்கிறோம் என்பதே அந்த மனிதருக்குத் தெரியாது என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. டென்மார்க்கில் ஹொல்ஸ்டெப்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்தில் இருந்தோம். தைப்பொங்கலை ஒட்டி வருடாவருடம் விளையாட்டு மண்டபத்தில் கலைவிழா நடக்கும். அதை நடத்தும் தமிழ்ச் சங்கத்துக்குப் பெரியப்பா தலைவர். அந்த முறை அம்மா சங்கத்துப் பிள்ளைகள் எங்கள் பதினொரு பேருக்கும் அரிவி வெட்டுப் பாட்டு ஒன்று பழக்கினார். நெற்கதிரைக் கண்ணாலும் கண்டிராத நாங்கள் அதை அறுப்பதைப் பற்றி ஐந்து மாதம் தொண்டை கிழியப் பாடினோம். முதல் அடியை எடுத்துக் கொடுப்பவள் நான். அதைப் பள்ளியில் நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

மார்கழியில் இலங்கையில் வன்னிப் பக்கம் சண்டை இறுகியது. எங்கள் வீட்டில் கூட்டம் கூட்டிப் பெரியப்பா தீர்ப்புச் சொன்னார்.

"அங்கை சனம் செத்துக்கொண்டிருக்கு. இஞ்சை நாங்கள் மேடையிலை பாட்டுப் படிக்கிறதே? விளக்கேத்துவம், மௌனமா நிற்பம், மேயர் கதைப்பார். அது காணும்."

ஒருவரும் மறுக்கவில்லை. அம்மாவின் தம்பி வன்னியில்தான் இருந்தார். இரண்டு மாதமாக அவரிடமிருந்து தொலைபேசி இல்லை. அம்மா தேத்தண்ணித் தட்டோடு நின்று தலையாட்டினார். என் கோபத்தில் பாதி பெரியப்பா மேல், மீதி அம்மா மேல். விழாவன்று வேண்டுமென்றே பனிக்கோட்டுக்குள் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு போனேன்.

விளக்கேற்றினார்கள், மௌனமாக நின்றோம். பிறகு மேயர் எழுந்தார், நெட்டை மனிதர். ஜேர்மன் படை டென்மார்க்கைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் தன் தகப்பன் பத்து வயதுப் பையன் என்று தொடங்கினார். அப்போது ஊர்ச்சனம் வெளியில் கூடி நின்று பாடியதாம், ஆயிரக்கணக்கில். துவக்கும் கையுமாக நின்ற படைக்காரருக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லையாம். போர்க்காலத்தில் ஏன் பாடவேண்டும் என்று கேட்டால் தன் தகப்பன் இன்றைக்கும் சிரிப்பார் என்றார்.

அதோடு பாட்டு எங்கே என்று தேடுவதுபோல நிகழ்ச்சித் தாளைப் புரட்டிப் பார்த்தார். இந்த நாட்டில் பாட்டில்லாத கூட்டமே கிடையாது. பள்ளிப் பெற்றோர் கூட்டத்துக்கும் பாட்டுத்தாள் கொடுப்பார்கள். "நீங்கள் பாடுங்கள், மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன்" என்று முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பெரியப்பா ஊரில் அரச அலுவலகத்தில் கிளாக்கராக இருந்தவர். பெரிய கதிரையில் இருக்கிற ஒருவர் கேட்டால் இல்லையென்று சொல்ல அவருக்கு வாய் வராது. தொண்டையைச் செருமினார்.

"பிள்ளையள் ஒரு பாட்டுப் படிப்பினம்."

நான் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். முதல் அடியை எடுத்தேன். இரண்டாம் அடியில் பின்வரிசையிலிருந்து ஆண்குரல்கள் சேர்ந்தன. இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்யும் மாமாமார் எழுந்து நின்று பாடினார்கள். மூன்றாம் அடியில் முழு மண்டபமும் எழுந்துவிட்டது. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினார். மேயர் தாளம் தப்பித் தப்பிக் கைதட்டினார். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு என் கல்யாணத்தில்கூட வரவில்லை. பாட்டு முடிந்ததும் இன்னொருமுறை பாடவைத்தார்கள்.

வீட்டுக்குப் போகுமுன் அம்மா கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் டேனிஷில் வெட்டிச் சொன்னேன்: மேயருக்கு யாரிடமும் பயமில்லை, உங்களுக்குத்தான் பெரியப்பா என்றால் பயம். அம்மா சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"ஓம் பிள்ளை. அந்த மேயர் நல்ல மனிசன்."

மேயரின் தகப்பன் இருந்த முதியோர் இல்லத்தில் அவரைத் தினமும் குளிப்பாட்டி உடுப்பு மாட்டிவிட்டவர் அம்மா. விழாவுக்கு முந்தின கிழமை மேயர் தகப்பனைப் பார்க்க வந்தபோது, விழாவில் பிள்ளைகளைப் பாடச்சொல்லிக் கேட்கும்படி அவரிடம் சொன்னவரும் அம்மாதான். வருடங்கள் கழித்து அந்தப் பெரியவரின் செத்தவீட்டில் மேயரே இதை என்னிடம் சொன்னார். அதுவரை அன்றைய வெற்றி மேயருடையதும் என்னுடையதும் என்றுதான் இருந்தேன். தம்பியின் குரல் வராத அந்த இரண்டு மாதமும் அம்மா வீட்டில் ஒரு வரி முணுமுணுக்கவில்லை. அவருக்கும் பாடவேண்டியிருந்தது என்று எனக்குத் தோன்றவேயில்லை.