எங்கள் தெருவில் சரவணன் நடந்த வருஷம்

விடியற்காலையில் கதவைத் திறந்தால் முகத்தில் வந்து மோதுவது அரிசிக் கஞ்சியின் லேசான புளிப்பு வாசனைதான். ஆரணியில் பட்டு நெய்கிறவர்கள் நிறைந்த தெரு எங்களுடையது. தறியில் ஏற்ற வேண்டிய நீள இழைகளை, அதாவது "பாவு" என்று நாங்கள் சொல்வதை, வெயில் ஏறுவதற்குள் தெருவின் நீளத்துக்கு இடுப்புயரத்தில் இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, நீவி உலர வைப்பார்கள். பாவு கட்டிவிட்டால் தெருவில் சைக்கிள்கூட நுழையாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் பாவுக்கும் சாக்கடைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் பக்கவாட்டில் நடந்து போவோம். அந்த இடைவெளியில்தான் என் அம்மா ஒரு வருஷம் முழுக்கப் பிடிவாதமாக நின்றாள்.

நாங்கள் மூன்று பிள்ளைகள். நான் மூத்தவன், பாஸ்கர் கடைக்குட்டி, நடுவில் சரவணன். மாதம் நிறையாமல் பிறந்த சரவணனுக்கு இரண்டு கால்களும் விறைத்திருக்கும். நிறுத்தி வைத்தால் கத்தரிக்கோல் போல ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். வேலூரில் பார்த்த டாக்டர், தினமும் பயிற்சி கொடுத்தால் எதையாவது பிடித்துக்கொண்டு நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்றார். அப்பாவின் காதில் பின்பாதி மட்டும் விழுந்தது. அம்மா முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அத்தை, அப்பாவின் அக்கா, படவேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னாள். அம்மா அதையும் தட்டவில்லை. குடும்பத்தோடு போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வந்த அன்று சாயங்காலமே, பாயை விரித்துச் சரவணனைப் படுக்க வைத்து, என்னை முழங்காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். "இன்னிக்கு ஒரு நாளு வுடேன், சாமி பாத்துக்கும்" என்றாள் அத்தை. "சாமி பாத்துக்கட்டும் அண்ணி. கால நீட்டி வுடறது என் வேல" என்றாள் அம்மா, கையை நிறுத்தாமலே.

வீட்டில் அவனுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. தண்ணீர் பிடிப்பது என் வேலை, பெருக்குவது பாஸ்கருடையது, பூண்டும் சின்ன வெங்காயமும் உரிப்பது சரவணனுடையது. அவன் சாமர்த்தியக்காரன். பாதியை உரித்துவிட்டு மீதியைப் பாஸ்கரிடம் தள்ளி, அதற்குக் கூலியாக ஒரு பேய்க்கதை சொல்வான். ஒருநாள் அம்மா அதைக் கண்டுபிடித்து அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பார்த்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டுக்காரி, "பாவம்க்கா, அந்தப் புள்ளைய போய்..." என்று இழுத்தாள். "ஏன், அவனுக்கு முதுகு இல்லியா?" என்று கேட்டாள் அம்மா.

அவன் மூன்றாம் வகுப்புக்கு வந்த ஆனி மாதம் அம்மா ஒரு முடிவை எடுத்தாள். அதுவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு வருவாள். இனிமேல் அவனே நடந்து போவான் என்றாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த வெல்டிங் கடையில், முன்னால் இரண்டு சின்னச் சக்கரம் வைத்து இரும்புக் குழாயில் ஒரு வாக்கர் செய்ய வைத்தாள். வீட்டுக்குள் அதைப் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து சமையற்கட்டு வரைக்கும் போக அவன் பழகியிருந்தான். தெரு வேறு. முதல் நாளே குழாயின் முனை ஏழுமலை மாமாவின் பாவில் மாட்டிக்கொண்டது. சரவணன் பதறி இழுக்க, இழைகள் பொலபொலவென்று அறுந்து தொங்கின.

எங்களுக்கு எதிர்வீட்டுக்காரரான ஏழுமலை மாமா நல்ல மனிதர்தான். ஆனால் அறுந்த பாவைப் பார்த்த நெசவாளிக்கு அந்த நேரத்தில் நல்லது கெட்டது தெரியாது. "இன்னாம்மா இது, காலங்காத்தால பேஜாரு பண்ணிகினு? புள்ளைய இடுப்புல தூக்கினா ஜல்தியா போய்ட்டு வந்துடலாம் இல்ல?" என்றார்.

"தூக்கினு போனா எனக்கு சுலபம்தாண்ணே. அவனுக்கு மீசை மொளைச்ச பெறகும் நான் தூக்கணுமே, அதுக்கு இன்னா பண்றது?"

அம்மா அவனைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, வெயிலில் நின்று, அறுந்த இழை ஒவ்வொன்றையும் அவளே முடிந்து கொடுத்தாள். மறுநாள் காலையில் வாக்கரோடு மறுபடியும் வாசலில் இறங்கினாள்.

அப்பா சண்டை சச்சரவுக்கு அஞ்சுகிறவர். பின்பக்கச் சந்து வழியாகப் போகலாமே என்றார். அதையும் செய்து பார்த்தோம். மழைத் தண்ணீர் தேங்கிய சந்தில் சக்கரம் புதைந்து சரவணன் முகம் குப்புற விழுந்தான். உதட்டில் ரத்தத்தோடு வந்தவனைக் கழுவித் துடைத்துவிட்டு அம்மா அப்பாவைப் பார்த்தாள். சந்து வழி அதோடு நின்றது. சாயங்காலம் அப்பா ஒரு பழைய துணியைக் கிழித்து, பாவில் மாட்டாதபடி குழாய் முனைகளில் இறுக்கமாகச் சுற்றிக் கட்டினார்.

மூன்றாவது முறையும் இழை அறுந்தது. அடுத்த நாள் பார்த்தால், ஏழுமலை மாமாவின் பாவுக் கம்புகள் எங்கள் பக்கத்திலிருந்து நன்றாக விலகி அவர் வீட்டுச் சுவரோரமாக நின்றிருந்தன. அம்மா நன்றி சொல்லப் போனாள். "எனக்கு பாவு அறக் கூடாது, அவ்ளோதாம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவு நேர்க்கோட்டில் நிற்க வேண்டும் என்பதால் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களும் நகர்த்தத்தான் வேண்டியிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே நகர்த்தினார்கள்.

வழி கிடைத்துவிட்டதே தவிர நடை கிடைக்கவில்லை. ஒருநாள் தெருவின் நட்டநடுவில் கால் பின்னி விழுந்தான். நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். "இருங்க. அவனே எழுந்துப்பான்" என்று அம்மா கையை நீட்டித் தடுத்தாள். பள்ளி மணி அடித்துவிட்டது. புத்தகப் பைகள் இரண்டையும் சுமந்துகொண்டு நான் நின்றேன். இரண்டு முறை எழப்பார்த்து இரண்டு முறையும் சரிந்த சரவணன், அழவில்லை. கஞ்சிச் சட்டியோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மொத்தத் தெருவையும் பார்த்து, அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தையைச் சொன்னான். "வாய் மட்டும் நல்லா நடக்குதுடா உனுக்கு" என்று ஏழுமலை மாமாதான் முதலில் சிரித்தார். சரவணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே குழாயைப் பற்றி, முழங்காலை ஊன்றி, உடம்பெல்லாம் நடுங்க எழுந்து நின்றான். நிற்கும்வரை பொறுத்திருந்த அம்மா, அதன்பிறகு அந்த வார்த்தைக்காக அவன் தலையில் நறுக்கென்று குட்டினாள். அன்றைக்கு அவள் கண் கலங்கியிருந்ததை அவன் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அந்த வருஷம் முடிவதற்குள் அவன் துணையில்லாமல் பள்ளிக்குப் போய் வந்தான். பிற்பாடு வாக்கர் போய் ஊன்றுகோல்கள் வந்தன. காலேஜ் முடித்தான். இப்போது ஊரிலேயே ஒரு பட்டுக் கடையில் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடுகிறான். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் தேவிகாபுரம் வரைக்கும் தனியாகப் போய் வருகிறான்.

எங்கள் தெருவில் இப்போது யாரும் பாவு கட்டுவதில்லை; காலையில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. ஏழுமலை மாமா இல்லை. "உங்களுக்குப் பின்னால இந்தப் புள்ளைய யாரு பாத்துக்குவாங்க?" என்று வருகிறவர் போகிறவரெல்லாம் அம்மாவைக் கேட்ட கேள்வியும் எப்போது நின்றுபோனது என்று தெரியவில்லை. நான் சென்னையில் இருக்கிறேன், பாஸ்கர் ஓசூரில். அம்மாவும் அப்பாவும் இருப்பது சரவணன் வீட்டில். போன பொங்கலுக்கு நாங்கள் குடும்பங்களோடு போய் இறங்கியபோது, உள்ளேயிருந்து அவன் குரல்தான் முதலில் வந்தது.

"வாங்கடா. செருப்பையெல்லாம் ஓரமா வுட்டுட்டு வாங்க, நான் நடக்கிற வழி."