கதவைத் தட்ட ஒரு ஆள்

சின்னாளபட்டி ராஜேஸ்வரி அக்கா போய்விட்டார் என்ற செய்தியை நம் லடாக் பயணக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டவள் நான்தான். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. பின்னாலேயே, "டீச்சர், உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. அதைப் போனில் இரண்டு வரியில் தட்டி அனுப்ப மனம் வராமல்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் எல்லோரும் ஜோடியாகவோ குடும்பமாகவோ வந்திருந்தீர்கள். தனியாக வந்தது நாங்கள் இரண்டு பேர்தான். அறைக்கு இருவர் என்பது டூர்க்காரர்கள் கணக்கு, ஆகவே எங்களை ஒன்றாகப் போட்டார்கள். அவர் சுங்குடிச் சேலைக் கடை நடத்தி ஓய்ந்தவர். கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளாத, ஓய்வு பெற்ற திண்டுக்கல் டீச்சர். நான் ஜெபமாலையை எடுத்தால், "உங்க மாதாகிட்ட என் பேரையும் சேத்துச் சொல்லுங்க. நான் பழனியாண்டிகிட்ட உங்களைப் பத்திச் சொல்லி வச்சிருக்கேன்" என்பார். அவருடைய குறட்டை முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஊர் திரும்பியபின் அந்தச் சத்தம் இல்லாத வீட்டில் தூக்கம் பிடிக்கப் பல நாள் ஆனது.

பாங்காங் ஏரிக்குக் கிளம்பிய காலை உங்களுக்கு மறந்திருக்காது. முந்தின நாள் அக்காவுக்கு மூச்சு முட்டியதால் நம் வழிகாட்டி பிரவீன் ஏற்கெனவே பதறிப் போயிருந்தான். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பையன், வீட்டுத் தமிழ் மட்டுமே தெரியும். எல்லோரும் வண்டியில் காத்திருக்க, வரவேற்பறையிலிருந்து எங்கள் அறைக்குப் போன் செய்தான். "அக்கா செத்த..." என்று நான் ஆரம்பித்ததுமே லைன் போய்விட்டது. செத்த நேரத்தில் வருவார் என்று சொல்ல வந்தேன். அவன் காதில் விழுந்தது வேறு. ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு, மூச்சு முட்டவைக்கும் அந்த லே உயரத்தில் மூன்று மாடி ஓடி வந்தான். அக்கா கட்டிலில் உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்தார். பையன் தரையில் சரிந்துவிட்டான். கடைசியில் அந்த ஆக்சிஜனை அவன் மூக்கில் வைத்துப் பிடித்தது அக்காதான்.

"ஏலே, செத்த நேரம்னா கொஞ்ச நேரம்டா! அதுக்குள்ள எனக்குப் பாடை கட்டிட்டியா?" என்று வண்டி முழுக்கச் சிரிக்க வைத்தார்.

ஏரிக்கரையில் நீங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். அந்த நீல நிறத்தை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை.

"எனக்கு ஒண்ணுன்னதும் அந்தப் பய எப்புடி ஓடியாந்தான் பாத்தீங்களா டீச்சர்? எங்க வீட்டுக் கதவை யாரு வந்து தட்டுவா? எங்க தெருவுல ஒரு அம்மா இப்புடித்தான் கெடந்தாங்க. வாடை வந்த பெறகுதான் கதவை ஒடைச்சாக. சாவுறதுக்குப் பயமில்லை. அப்புடிக் கெடக்கத்தான் பயமா இருக்கு."

எனக்கும் அதே பயம் உண்டு. அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு உங்கள் பேச்சில் எல்லாம் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. பேரப்பிள்ளைகள், இட்லி, பூட்டிய வீட்டின் செடிகள். லே கடைத்தெருவில் எல்லோரும் உலர்ந்த ஆப்ரிகாட் வாங்க, அக்காவும் ஒரு பை நிறைய வாங்கினார். "யாருக்கு அக்கா?" என்றேன். "யாருக்காச்சும்" என்றார். பயணம் முடிய முடிய அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

மதுரை விமான நிலையத்தில் உங்களை அழைத்துப் போக ஆட்கள் வந்திருந்தார்கள். நாங்கள் இருவரும் ஒரு டாக்சி பிடித்தோம். சின்னாளபட்டியில் அவர் வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகும் அவர் இறங்கவில்லை.

"காலையில டீ குடிச்சதும் உங்களுக்கு ஒரு மிஸ்டு கால் விடுறேன். எடுக்காதீங்க. நீங்களும் எனக்கு ஒண்ணு விடுங்க, நானும் எடுக்க மாட்டேன். வரலைன்னா மட்டும் கெளம்பி வாங்க."

"எடுத்துப் பேசினால்தான் என்ன அக்கா?"

"தெனமும் பேசுனா சலிச்சுப் போகும் டீச்சர். இது சலிக்காது."

அப்படியே நடந்தது. காய்ச்சல் கண்ட நாளிலும் அவர் தவறியதில்லை. ஒருமுறை நான் மறந்துபோய் எடுத்துவிட்டேன். "ஏன் எடுத்தீங்க? வைங்க!" என்று ஒரு அதட்டல் போட்டார்.

போன வாரம் ஒரு காலை அது வரவில்லை. டீ ஆறிப்போகும்வரை பார்த்தேன். பிறகு நானே அடித்தேன், விடாமல் அடித்தேன். ஆட்டோ பிடித்துப் போய் அவர் கதவைத் தட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் பின்பக்கமாக ஏறிக் குதித்துத் திறந்துவிட்டார்கள். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது என்றார் டாக்டர். அக்கா பயந்தது நடக்கவில்லை. உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதைத்தான். அவர் கிடக்கவில்லை. அன்று காலையிலேயே ஒரு ஆள் போய்க் கதவைத் தட்டினாள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் காலைப் பழக்கம் ஒன்றுதான். தகனம் முடிந்த மறுநாள் டீயைக் குடித்துவிட்டு, என்னை அறியாமலேயே அவர் எண்ணுக்கு ரிங் விட்டேன். யாரோ எடுத்துவிட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அவருடைய கொழுந்தன் மகன்.

"டீச்சருங்களா? சொல்லுங்க, என்ன விஷயமுங்க?"

நான் எழுந்துவிட்டேன் என்பதுதான் விஷயம். அதை அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? ஒன்றுமில்லை தம்பி என்று சொல்லி வைத்துவிட்டேன்.