மஞ்சள் நாடாவில் ஒரு பொட்டு

போன கிழமை இணைய ஏலத்தில் ஒரு படத்தைப் பார்த்ததும் கையிலிருந்த தேத்தண்ணியை மேசையில் சிந்திவிட்டேன். ஜெர்மன் பேரரசுக் காலச் சிப்பாய் ஒருவனின் நாடாப்பட்டி. மஞ்சள் நாடாவின் மூலையில் கறுப்பாய் ஒரு புள்ளி. “எண்ணெய்க் கறை, போர்க்களத்தில் பட்டிருக்கலாம்” என்று விற்பவர் எழுதியிருந்தார். போர்க்களமாவது! அந்தக் கறை டுசல்டோர்ஃபில், ஒரு குசினி மேசையில் பட்டது. காரணம் என் கண்.

நாடாப்பட்டி என்றால் என்னவென்று நீங்கள் கேட்பீர்கள். பதக்கங்களை நாள்தோறும் தொங்கவிட்டுக்கொண்டு திரிய முடியாதல்லவா? அவற்றின் நாடாத் துண்டுகளை மட்டும் வரிசையாகத் தைத்து நெஞ்சில் குத்திக்கொள்வார்கள். நிறத்தையும் வரிசையையும் பார்த்தே ஆள் எங்கெல்லாம் போய் வந்தான் என்று சொல்லிவிடலாம். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. ரைன் கரைப் பழஞ்சாமான் சந்தையில் சோற்றுப்பானை தேடிப் போனவன், நாடாப்பட்டிகள் நிறைந்த, அந்துருண்டை மணத்த ஒரு தகரப்பெட்டியைத் திறந்ததோடு சரி. பானை இன்னும் வாங்கவில்லை.

என்னோடு ஹோட்டல் குசினியில் வேலை செய்த யோகனுக்கு இதைப் பழக்கிவிட்டவன் நான்தான். கறுப்பில் வெள்ளை ஓரம் இரும்புச் சிலுவை, அது முன்னுக்கு நிற்கும், வேற்று நாட்டு விருதுகள் கடைசியில் என்றெல்லாம் உருளைக்கிழங்கு உரித்தபடி பாடம் எடுத்தேன். ஆறு மாதத்தில் அவன் சேர்த்தவை என்னுடையவற்றைவிடத் திறமாக இருந்தன. அவனுக்கு மட்டும் பெட்டிகள் தாமாகவே திறந்தன போல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு சனிக்கிழமை சந்தையில் இந்த மஞ்சள் நாடா முதலில் என் கையில்தான் வந்தது. இரும்புச் சிலுவைக்குப் பக்கத்தில் சீனாவுக்குப் போனவர்களுக்குக் கொடுத்த மஞ்சள், கடைசியில் துருக்கியின் சிவப்பு. ஒரே ஆளுக்கு இரண்டும் வாய்ப்பது மிக அரிது. ஆனால் மஞ்சள் நேற்றுத்தான் கடையில் வெட்டியதுபோல் பளிச்சென்று இருந்தது.

“வேண்டாமோ மச்சான்?” என்றான் யோகன்.

“போலி. பார், என்ன மினுக்கம்!”

“அப்ப நான் எடுக்கிறன்.”

அன்று பின்னேரம் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை இரவல் வாங்கி, அவன் வீட்டுக் குசினியில் வைத்துப் பிடித்தோம். செயற்கை நூலென்றால் அந்த வெளிச்சத்தில் வெள்ளையாக ஒளிரும். ஒரு இழைகூட ஒளிரவில்லை. அசல். யோகன் துள்ளினான். நானும் சிரித்தேன், சிரித்தேன் என்றுதான் நினைத்தேன். அவன் மனைவி வசந்தி மட்டும் பிள்ளைக்குச் சோறூட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிய யோகன் போனில் கத்தினான். “மச்சான், வசந்தி அதிலை பொட்டு வச்சிட்டாள்! பிள்ளைக்கு வைக்கிற கண்மை! மஞ்சளிலை!”

“ஐயோ! ஏனடா?”

“கண்ணூறு படக்கூடாதாம்.”

“ஆரின்ர கண்?”

“உன்ர கண்தான்.”

எண்ணெய்ப் பிசுக்கு, கழுவினால் நாடாவே போய்விடும். அதற்கு இனிச் சந்தையில் பாதி மதிப்பும் இல்லை. உள்ளதைச் சொன்னால், அன்று முழுக்க வேலையில் நான் பாடிக்கொண்டிருந்தேன்.

பிறகு யோகன் குடும்பத்தோடு லண்டனுக்குப் போனான். போகும்போது எல்லாவற்றையும் ஒரு வியாபாரியிடம் தள்ளிவிட்டான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த முறை விடவில்லை. ஏலத்தில் பிடித்து, தபாலில் வந்ததும் வாசல் கதவுக்கு எதிரே சட்டம் போட்டு மாட்டினேன். “கடைசியா உங்கட கண்ணிலைதான் வந்து விழுந்திருக்கு” என்றாள் என் மனைவி. வருகிறவர்கள் அதற்குப் பக்கத்தில் குளிர் ஜாக்கெட்டைக் கொழுவிவிட்டு, கைத்தொலைபேசியைப் பார்த்தபடி உள்ளே போகிறார்கள். சந்தையிலும் இப்போது அந்தத் தகரப்பெட்டிகள் இல்லை, போன் உறைதான் விற்கிறார்கள்.

நேற்று யோகனுக்குப் படம் அனுப்பிவிட்டு, உடனேயே போன் எடுத்தேன்.

“ஓம் மச்சான், பாத்தனான். நல்லது, வச்சிரு. பிள்ளைக்கு யூனிவர்சிட்டியிலை இடம் கிடைச்சிட்டுது, தெரியுமோ?”

குரலில் பொறாமை இருக்கிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டேன். ஒரு துளி இல்லை. எப்படித்தான் அவனுக்கு அது விட்டுப்போனதோ! எனக்கு மறுபடியும் வயிறு எரியத் தொடங்கியது.